ஒரு குளவியும் ஒரு கிண்ணமும்

2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளவியைப் பறக்கவிட்டார்கள். நீளம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். மனிதரைக் கொட்டாது. அனாகைரஸ் லோபெசி என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து முந்தைய ஆண்டு பெங்களூருக்கு வரவழைத்து, அங்கே வளர்த்துப் பெருக்கி, இங்கே கொண்டுவந்திருந்தார்கள்.

எங்கள் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். ஆத்தூர், தலைவாசல், நாமகிரிப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கு எட்டியவரை அதுதான். கிழங்கு சேகோ ஆலைக்குப் போகும், ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் வெளியே வரும். இந்தியாவில் 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகத் தென்பட்ட மாவுப்பூச்சி கொஞ்ச காலத்திலேயே எங்கள் ஊர்க் காடுகளுக்கும் (வயலைத்தான் காடு என்போம்) வந்துவிட்டது. சித்தப்பா காட்டில் போய்ப் பார்த்தேன். செடிகளின் நுனியெல்லாம் சுருண்டு, கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லாமல், இலைகள் கைப்பிடிக்குள் அடங்குகிற கொத்தாகிக் கிடந்தன. கொத்தைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு. மாவைத் தள்ளினால் இளஞ்சிவப்பாக நகர்கிற பூச்சி. "மருந்து அடிச்சுப் பாத்தாச்சு கண்ணு. மேல இருக்கறது சாகுது, குருத்துக்குள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் சித்தப்பா. கடையில் கேட்டால் இன்னும் விலை கூடிய மருந்தைச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார்.

இந்தப் பூச்சிக்கு எதிரான குளவி பெனினில் எப்படித் தயாராக இருந்தது என்று தேட ஆரம்பித்துத்தான் ஆப்பிரிக்க மரவள்ளியின் கதைக்குள் போனேன். ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளுக்கு உதவி என்று பேச்சு எடுத்தாலே உரம், ஒட்டுவிதை, டிராக்டர், கடன், கைபேசிச் செயலி என்று பட்டியல் ஓடும். ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு உதவியை எடைபோடும்போது அது என்ன கொடுக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். அது விவசாயியிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்பதில்லை. காசு கேட்கிறதா, நேரம் கேட்கிறதா, யாருடைய நேரத்தைக் கேட்கிறது? மரவள்ளியின் கதையில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

மரவள்ளி ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிர் கிடையாது. தென் அமெரிக்காவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுபோனது. போன இடத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது. இன்று உலகில் விளையும் மரவள்ளியில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது, நைஜீரியாதான் முதலிடம். ஏழை விவசாயிக்கு இதைவிட வளைந்துகொடுக்கும் பயிர் கிடைப்பது கஷ்டம். சத்தில்லாத மண்ணிலும் வரும், உரம் கேட்காது, மழை தவறினால் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். ஒன்பது பத்து மாதத்தில் தோண்டலாம். அவசரமில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் மண்ணுக்குள்ளேயே விடலாம். களஞ்சியம் வேண்டாம். கலவரம் வந்து ஊரைவிட்டு ஓடினாலும், திரும்பி வரும்போது சோளம் போயிருக்கும், கிழங்கு இருக்கும். விதையும் வாங்க வேண்டியதில்லை. போன வருஷச் செடியின் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நட்டால் போதும். இல்லாதவர் பக்கத்துக் காட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்.

காங்கோவில் கிழங்கோடு இலையும் சாப்பாடு. குருத்திலையை உரலில் இடித்து, நெடுநேரம் வேகவைத்து, பனை எண்ணெய் ஊற்றிச் செய்கிற போண்டு இல்லாமல் கின்ஷாசாவில் வீட்டுச் சமையல் கிடையாது. புரதம் அதிகம் கிடைக்காத வீடுகளில் அந்த இலைதான் கொஞ்சமாவது ஈடுகொடுப்பது.

அந்தக் குருத்தில்தான் பூச்சி உட்கார்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் கின்ஷாசாவையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரசாவில்லையும் ஒட்டிய காடுகளில் முதலில் கண்டார்கள். அதுவரை அறிவியலுக்கே தெரியாத பூச்சி. 1977-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் காங்கோவில் பிடித்த மாதிரிகளை வைத்துத்தான் அதை முதன்முதலாக விவரித்தார். யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த தண்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இந்த இனத்தில் ஆணே தேவையில்லை. ஒரே ஒரு பெண் பூச்சி வந்து சேர்ந்தால் போதும், நானூறு ஐநூறு முட்டை வரை இடும், அத்தனையும் பெண். காற்று கொண்டுபோகும், அதைவிட வேகமாக மனிதரே குச்சிக் கட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். 1976-இல் செனகல், 1979-இல் பெனின், நைஜீரியா. 1980-களின் நடுவில் மரவள்ளி விளையும் ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவற்றில் அது இருந்தது.

மோசமாகத் தாக்கிய இடங்களில் கிழங்கு விளைச்சலில் ஐந்தில் நான்கு பங்கு வரை போனது. கறிக்கு இலை இல்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, தண்டு குட்டையாகி நடுவதற்கு லாயக்கில்லாமல் போனது. விதை வாங்கிப் பழக்கமில்லாத விவசாயிக்கு அடுத்த வருஷப் பயிரும் சேர்ந்து போய்விட்டது என்று அர்த்தம்.

மருந்து அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். மெழுகு பூசிய பூச்சி, சுருண்ட குருத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக்கூட விடுங்கள். தெளிப்பான் வாங்கக் காசில்லாத, பிடுங்கிய இலையை அன்றைக்கே சமைக்கிற குடும்பத்திடம் போய் விஷத்தை அடி என்று எப்படிச் சொல்வது? பூச்சியைத் தாங்கும் ரகம் உருவாக்கலாம் என்றால் அதற்குப் பல வருஷம் ஆகும். அதுவரை?

1979-இல் நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் அந்த வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். முப்பதைத் தாண்டிய வயது, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய கணக்கு நேரானது: பயிர் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அங்கே அது மரவள்ளியை அழிக்கவில்லை என்றால் அதை அங்கே ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சொல்வது சுலபம். மெக்சிகோவிலிருந்து தெற்கே மரவள்ளியும் அதன் காட்டு உறவுகளும் வளரும் இடமெல்லாம் தேடினார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளையும் பிடித்தார்கள். ஆப்பிரிக்கப் பூச்சியிடம் அவை எடுபடவில்லை. அச்சு அசலாக அதேபோல் இருந்தாலும் அது வேறு இனம். ஆண் பெண் இரண்டும் உள்ள இனம். பிறகு அதற்கு ஹெரனின் பெயரையே வைத்தார்கள். உண்மையான பூச்சியை 1981-இல் பராகுவேயில் கொலம்பியாவின் வெப்பமண்டல வேளாண்மை மையத்தைச் சேர்ந்த டோனி பெல்லோட்டி கண்டுபிடித்தார். யாரும் கவலைப்படாத அளவுக்கு அங்கே அது அரிதாக இருந்தது. அரிதாக வைத்திருந்தது இந்தக் குளவி.

நேராக ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. இங்கிலாந்தில் தனிமைப்படுத்தி வைத்து, குளவியோடு வேறு ஒட்டுண்ணியோ நோயோ வருகிறதா என்று பார்த்த பிறகே இபாடானுக்கு அனுப்பினார்கள். ஒரு பூச்சியால் வந்த கேட்டை இன்னொரு பூச்சியைக் கொண்டு சரிசெய்யப் போகிறவர்கள் காட்ட வேண்டிய நிதானம் அது. உலகின் வேறு இடங்களில் அந்த நிதானம் இல்லாமல் போய், கொண்டுவந்த உயிரே தொல்லையான கதைகள் உண்டு.

1981 கடைசியில் இபாடானில் முதல் குளவிகளைப் பறக்கவிட்டார்கள். பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி பழுப்புக் கூடாக இறுகிப்போகும். இரண்டு வாரம் போல ஆனதும் அந்தக் கூட்டில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். அது அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்கார ஜீவன். ஒரு பெரிய காட்டில் நாலைந்து செடியில் மட்டும் மாவுப்பூச்சி இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

இபாடானில் வளர்த்து, நாடு நாடாகக் கொண்டுபோய் விட்டார்கள். சாலை இல்லாத இடங்களுக்காகச் சிறிய விமானத்திலிருந்து குழாய்களில் அடைத்துத் தூவும் ஏற்பாடும் செய்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் ஆய்வாளர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இந்தக் கதையை ஒரு மனிதரின் சாகசமாகச் சொல்கிறவர்கள் இவர்களை விட்டுவிடுகிறார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் பூச்சி இருக்கிறது, குளவி பிழைத்ததா என்று வருஷக் கணக்கில் காடு காடாக நடந்து குருத்து எண்ணியவர்கள் அவர்கள்தான். 1990 வாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில், சுமார் 27 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் குளவி நிலைபெற்றிருந்தது. இந்தியாவின் மொத்தப் பரப்பே 33 லட்சத்துக்குள்தான். குளவி போன இடங்களில் மூன்று நான்கு வருஷத்தில் மாவுப்பூச்சி பயிரை அழிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. முற்றாக ஒழியவில்லை, ஒழியவும் கூடாது. பூச்சி கொஞ்சம் இருந்தால்தான் குளவியும் இருக்கும்.

ரிச்சர்ட் நார்கார்ட் என்ற பொருளியலாளர் 1988-இல் கணக்குப் போட்டார். செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பயன் என்று வந்தது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். எனக்கு அந்த 149-ஐவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. இந்த உதவிக்கு எந்த விவசாயியும் விண்ணப்பம் எழுதவில்லை. கடன் வாங்கவில்லை, பயிற்சி முகாமுக்குப் போகவில்லை, பட்டா காட்டவில்லை. கால் ஏக்கர் வைத்திருந்த விதவைக்கும் பத்து ஏக்கர் வைத்திருந்த ஊர்த்தலைவருக்கும் ஒரே குளவி வந்தது. வந்ததே பெரும்பாலோருக்குத் தெரியாது. பூச்சி தானாகப் போய்விட்டது, மழை கொண்டுபோய்விட்டது என்று நினைத்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். மானியத் திட்டங்களில் முதல் வரிசையில் யார் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியும். குளவிக்கு வரிசை இல்லை.

இதற்கும் எல்லை உண்டு. சத்தே இல்லாத மணல் மண்ணில் செடி மெலிந்திருக்கும், மாவுப்பூச்சியும் சிறிதாக இருக்கும். சிறிய பூச்சிக்குள் வளரும் குளவிகளில் ஆண் அதிகம், பெண் குறைவு. அதனால் அங்கே கட்டுப்பாடு தடுமாறியது. மூடாக்கு போட்டு, எரு இட்டு மண்ணைத் தேற்றிய இடங்களில் குளவியும் தேறியது. கடைசியில் எல்லாம் மண்ணுக்குத்தான் வந்து நிற்கிறது.

இதே நிறுவனத்தில் அதே காலத்தில் ஹான் சாங் கி என்ற கொரியப் பயிர் வளர்ப்பு விஞ்ஞானி, இலையில் வெளிறிய திட்டு விழுந்து செடி குன்றிப்போகும் தேமல் நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதன் வேர் 1930-களில் தான்சானியாவின் அமானி நிலையத்தில் மரவள்ளியைக் காட்டு ரப்பர் செடியோடு கலந்து பார்த்த வேலையில் இருக்கிறது. தலைமுறை தாண்டிக் கைமாறிய வேலை. நைஜீரியாவின் இகிரே ஊர்க்காரர்கள் ஹானுக்கு 'செரிக்கி அக்பே' என்று பட்டம் கட்டினார்கள். விவசாயிகளுக்கு அரசர் என்று பொருள். 1990-களில் உகாண்டாவில் புதுவகைத் தேமல் கொள்ளைநோய் போலப் பரவிப் பஞ்சம் வந்தபோது அந்த ரகங்கள்தான் கைகொடுத்தன. குச்சி கைக்குக் கை மாறியே ஊர் ஊராகப் போனது.

சரி, செடி பிழைத்தது. கிழங்கு வந்தது. அதன் பிறகு?

மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிய இரண்டு மூன்று நாளில் பதப்படுத்தாவிட்டால் கறுத்து வீணாகும். எங்கள் ஊரில் லாரி வரும், ஆலையில் எடை போட்டு, ஸ்டார்ச் பாயிண்ட், அதாவது கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து விலை போடுவார்கள், அதில் பேச்சு நடக்கும், கிழங்கு நம் கையைவிட்டுப் போய்விடும். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த ஆலையின் வேலை பெண்களின் கையில் இருக்கிறது. தோல் சீவி, கழுவி, துருவி, சாக்கில் கட்டி, மேலே கல் வைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவும் நீர் வடியவும் விட்டு, சலித்து, அகலமான சட்டியில் புகைக்கு நடுவே கிளறிக்கொண்டே வறுத்தால் காரி. வெந்நீர் ஊற்றினால் சாப்பாடு. மாதக் கணக்கில் கெடாது. இதில் முதுகை ஒடித்தது துருவல்தான். ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் ஒவ்வொரு கிழங்காகத் தேய்க்க வேண்டும், விரலும் சேர்ந்து தேயும். பெனினில் 1930-களிலேயே இயந்திரத் துருவி வந்துவிட்டது. பின்னால் நைஜீரியாவின் இரும்புப் பட்டறைக்காரர்கள் அதைத் தங்கள் கைக்கு ஏற்ப மாற்றி, கிடைத்த இரும்பில் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மாவு மில்லில் அரைப்பது போல, கிழங்கைக் கொடுத்துக் கூலிக்குத் துருவி வாங்கிக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் பாதி நாளைத் திருப்பிக் கொடுத்த இயந்திரம் அது. வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் இந்தப் பட்டறைக்காரர்களுக்குக் கிடைத்த இடம் ரொம்பக் குறைவு என்பது என் வருத்தம்.

அவளுடைய நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் காங்கோவில் ஒரு சான்று இருக்கிறது. படித்தபோது மனசு கனத்துப்போனது.

கசப்பு மரவள்ளியில் சயனைடு உண்டு. அதைத் தெரிந்துதான் வளர்க்கிறார்கள். கசப்பாக இருப்பதால் குரங்கும் பன்றியும் தொடாது, திருடனும் தோண்டியதும் தின்ன முடியாது. மலாவியில் பெண் விவசாயிகளிடம் கேட்ட ஆய்வாளர்களுக்கு இதே காரணம்தான் கிடைத்தது. தனியாகக் காட்டைக் காக்க வேண்டியவளுக்கு இது அறிவார்ந்த தேர்வு. விஷத்தை எடுக்கும் வழியும் தலைமுறையாகத் தெரியும்: ஓடையில் அல்லது குட்டையில் மூன்று நாள் ஊறவைத்து, பிறகு வெயிலில் காயப்போட்டு, மாவாக்குவது.

1970-களில் கின்ஷாசாவிலிருந்து கிழக்கே பண்டுண்டு பகுதிக்கு நல்ல தார்ச்சாலை போட்டார்கள். நகரம் மரவள்ளியை விழுங்கத் தயாராக இருந்தது. லாரிகள் வந்தன, கையில் காசு வந்தது. எந்தத் திட்ட அலுவலரும் கைதட்டி வரவேற்கும் விஷயம். லாரி வரும் நாளுக்குள் சரக்கு தயாராக வேண்டும் என்பதால் பெண்கள் மூன்று நாள் ஊறவைப்பதை ஒரு நாளாகக் குறைத்தார்கள். கிழங்கு விற்பனைக்குப் போனது. குறைவாக ஊறிய அதே மாவு வீட்டிலும் சாப்பாடானது. கான்சோ என்ற நோய் வந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தால் இரண்டு காலும் விறைத்திருக்கும். உயிர் போகாது, ஆனால் கால் திரும்பாது. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும். சயனைடை உடல் முறிக்கப் புரதம் வேண்டும். மரவள்ளியைத் தவிர வேறெதுவும் தட்டில் இல்லாதவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் 1981-இல் வறட்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோயில் கால் முடங்கியது. அங்கே பசி ஊறவைக்க நேரம் கொடுக்கவில்லை, காங்கோவில் சந்தை கொடுக்கவில்லை.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலை இல்லாத ஊரில் பிரசவத்துக்குத் துடிக்கிற பெண்ணை யார் கொண்டுபோவது? ஆனால் அந்தச் சாலை அந்த ஊர்ப் பெண்களிடம் இரண்டு நாளைக் கேட்டது. அதை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடவில்லை. சாலையோடு ஒரு துருவியும் ஒரு ஊறல் தொட்டியும் சேர்ந்து வந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் நடந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கான்சோவுக்கு மருந்து இல்லை, தடுப்பது மட்டும்தான் வழி. அதற்கு ஒரு எளிய முறையை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி கண்டுபிடித்தார். மரவள்ளி மாவைக் கிண்ணத்தில் போட்டு, மாவு எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே உட்புறம் ஒரு கோடு போட வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் முதலில் மாவு அமுங்கிக் கீழே போகும். மேலும் ஊற்ற ஊற்ற மறுபடி கோட்டுக்கு வரும். அங்கே நிறுத்த வேண்டும். அந்த ஈரமாவை ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத கனத்தில் பாயிலோ முறத்திலோ பரப்பி, வெயில் என்றால் இரண்டு மணி நேரம், நிழல் என்றால் ஐந்து மணி நேரம் விட வேண்டும். மாவிலேயே இருக்கும் நொதி வேலை செய்து சயனைடை வாயுவாக வெளியேற்றிவிடும். அப்புறம் வழக்கம்போல ஃபூஃபூ என்கிற களியைக் கிளற வேண்டியதுதான்.

2010-இல் காங்கோவின் பொபொகபாகா பகுதியில் கான்சோ மலிந்திருந்த கேய் கலெங்கே என்ற ஊரில் காங்கோ மருத்துவர்களும் ஊட்டச்சத்துப் பணியாளர்களும் இதை அங்குள்ள பெண்களுக்குச் செய்துகாட்டினார்கள். பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். கண்காணித்த காலத்தில் அந்த ஊரில் புதிதாக யாருக்கும் கான்சோ வரவில்லை. கேட்டதெல்லாம் ஒரு கிண்ணம், ஒரு கோடு, கொஞ்ச நேரம். அதுவும் சமைக்கும் இடத்திலேயே, மற்ற வேலையோடு வேலையாக. ஓடைக்கு நடக்க வேண்டியதில்லை. சாப்பாட்டில் ஈரமாவு ருசியைக் கெடுக்கவில்லை என்பதும் முக்கியம். கெடுத்திருந்தால் ஒரு வாரம் கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

இப்போது மரவள்ளியின் முன்னால் நிற்கிற பெரிய ஆபத்து பழுப்புக் கோட்டு நோய். 1930-களில் தான்சானியக் கடற்கரையில் கண்டது; பல பத்தாண்டுகள் தாழ்நிலப் பகுதியிலேயே கிடந்தது. 2004 முதல் உகாண்டாவின் உயரமான நிலத்திலும் தலைகாட்டி, ஏரிப் பிரதேச நாடுகளையும் கிழக்குக் காங்கோவையும் பிடித்துக்கொண்டு மேற்கு நோக்கி நகர்கிறது. செடி வெளியே பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். பத்து மாதம் களை எடுத்து, தோண்டி, வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே பழுப்புக் கட்டையாக அழுகல் தெரியும். மேற்கே நைஜீரியாவை எட்டினால் என்ன ஆகும் என்ற பயத்தில், ஐவரி கோஸ்ட்டின் பிங்கர்வில்லைத் தலைமையிடமாகக் கொண்டு ஜஸ்டின் பிட்டா வழிநடத்தும் ஆய்வாளர் குழு பல நாடுகளில் காடு காடாக மாதிரி எடுத்துக் கண்காணிக்கிறது.

இதற்கு விமானத்திலிருந்து தூவக் குளவி எதுவும் கிடையாது. இந்த நோயைத் தரும் வைரஸ் வெள்ளை ஈயால் கொஞ்ச தூரமும், மனிதர் கொண்டுபோகும் குச்சியால் வெகு தூரமும் போகிறது. ஆகவே நோயில்லாத குச்சி வேண்டும். தான்சானியாவில் ஊருக்குள்ளேயே சோதித்துச் சான்றிட்ட குச்சியை வளர்த்து விற்கும் சிறு விவசாயிகளை உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பக்கத்துக் காட்டில் சும்மா கேட்டு வாங்கிய குச்சிக்கு இப்போது காசு கொடுக்கச் சொல்கிறது. தேமல் பரவிய உகாண்டாவில் காப்பாற்றியது எதுவோ, கைக்குக் கை மாறும் அந்தப் பழக்கமே, இங்கே நோயைப் பரப்புகிறது. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் பத்தாயிரம் குச்சி வேண்டும். சோள விதையைப் போல ஒரு பையில் அடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது. வெட்டிய சில வாரத்துக்குள் நட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்துபோகும். லாரி வாடகையே விவசாயியை முடித்துவிடும்.

இதில் காசு கேட்பது தவறு என்று சொல்ல மாட்டேன். ஊரில் ஒருத்தி நல்ல குச்சி வளர்த்து விற்று நாலு காசு பார்த்தால் அது அவள் உழைப்புக்குக் கிடைத்த கூலி. ஆனால் திசு வளர்ப்பில் தாய்ச்செடி எடுப்பது, வைரஸ் இருக்கிறதா என்று வருஷா வருஷம் சோதிப்பது, நோயைத் தாங்கும் புது ரகத்தைப் பல இடங்களில் நட்டுப் பார்ப்பது, இவற்றின் செலவைக் குச்சியின் விலையில் ஏற்றக் கூடாது. பராகுவேயில் குளவி தேடிய செலவை எந்த விவசாயியின் தலையிலும் யாரும் கட்டவில்லை. அரசுகளும் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் போன்ற அமைப்புகளும் ஏற்றுக்கொண்டன. நெருக்கடி தீர்ந்த பிறகும் பெனினில் குளவியை விட்டுவிடாமல் வைத்திருந்தார்கள். 2009-இல் தாய்லாந்து கேட்டபோது கொடுக்க முடிந்தது, 2021-இல் நாம் கேட்டபோதும் கொடுக்க முடிந்தது. குச்சிக்கும் அதே மாதிரிப் பொதுப் பணம் போட வேண்டும். விலை கையில் உள்ள சில்லறைக்குள் அடங்கவேண்டும், நாற்றங்கால் ஒரு பெண் தலைச்சுமையாகத் தூக்கி நடக்கிற தூரத்துக்குள் இருக்கவேண்டும், முதல் மழைக்கு முன்னால் குச்சி அவள் கைக்கு வந்துவிடவேண்டும்.